பொத்தான் எங்கே போனது?

1971-இல் கேரள அரசு ஓர் ஆணை போட்டு மலையாள எழுத்தைக் கத்தரித்தது. தட்டச்சுப் பொறியில் இருந்த சாவிகளோ சில டஜன். கூட்டெழுத்துகளையும் சேர்த்தால் பழைய மலையாளத்துக்கு நூற்றுக்கணக்கான வடிவங்கள் வேண்டும். பொறியை வளர்க்க வழியில்லை என்று எழுத்தைக் குறுக்கினார்கள். மெய்யோடு ஒட்டிக்கிடந்த உகர, ஊகாரக் குறிகள் தனியே பிரிந்து நின்றன. பல கூட்டெழுத்துகள் உடைந்து, நடுவில் சந்திரக்கலை என்ற பிறைக்குறி வந்து உட்கார்ந்தது. தமிழ்நாட்டில் 1978-இல் ணா, றா, னா, லை, ளை முதலியவற்றின் பழைய வடிவங்கள் மாறியபோதும் அச்சுக்கும் தட்டச்சுக்கும் வசதி என்பது ஒரு வாதமாக இருந்தது. கணினி வந்த பிறகு நிலைமை தலைகீழானது. ஆர். சித்ரஜகுமாரும் கே.எச். ஹுசைனும் 1999-இல் ‘ரசனா’ இயக்கத்தின் மூலம் பழைய வடிவங்கள் அத்தனையையும் ஓர் எழுத்துருவுக்குள் கொண்டுவந்து காட்டினார்கள். பொறிக்கு இனி இடநெருக்கடி இல்லை என்பது அன்றே நிரூபணமாகிவிட்டது.

அப்படியானால் திருவனந்தபுரத்தில் ஒருவர் கைபேசிச் செயலியில் தன் பெயரையும் முகவரியையும் எழுதி, ஒரு போட்டோவை ஏற்றி அனுப்புவதில் இன்று என்ன தடை இருக்க முடியும்? நிறைய இருக்கிறது. எழுதத் தொட்டதும் கீபோர்டு எழும்பி, எழுத வேண்டிய பெட்டியையே மூடிக்கொள்ளும். ‘சமர்ப்பி’ பொத்தான் திரையின் அடியில் பாதி புதைந்து கிடக்கும். நிமிர்த்தி எடுத்த போட்டோ பக்கவாட்டில் படுத்திருக்கும், அல்லது படத்தின் இடத்தில் சாம்பல் நிறக் கட்டம் மட்டும் இருக்கும். ஊர்ப் பெயரின் கடைசி எழுத்துகள் மூன்று புள்ளிகளாகச் சுருங்கும். செயலி செய்பவர்கள் இவற்றையெல்லாம் ‘யு.ஐ. பக்’ என்ற ஒரே கூடையில் போடுகிறார்கள். கோளாறைப் பதியும் டிக்கெட்டில் ‘காஸ்மெடிக்’ என்று குறித்து, அவசரம் குறைந்த வரிசையில் தள்ளிவைப்பதும் வழக்கம்தான். இந்த வரிசைப்படுத்தல் தவறு என்பதே இந்தக் கட்டுரையின் வாதம். அரசுச் சேவைகள் கைபேசிக்குள் குடியேறிக்கொண்டிருக்கும் ஒரு மாநிலத்தில், திரையில் தெரியாத பொத்தான் என்பது இல்லாத பொத்தான்தான்.

ஏன் இப்படித் தள்ளிவைக்கிறார்கள்? சோம்பல் என்று சொல்வது எளிது. காரணம் கருவிகளில் இருக்கிறது. செயலி நொறுங்கி விழுந்தால் அது தானே ஒரு புகார் எழுதி அனுப்பிவிடுகிறது: எந்த போன், எந்த ஆண்ட்ராய்டு பதிப்பு, நிரலின் எந்த வரி என்பது வரை கிராஷ்லிட்டிக்ஸ் போன்ற கருவிகள் தயாரிப்பாளரின் மேசைக்குக் கொண்டுபோகும். கீபோர்டுக்குப் பின்னால் ஒரு பெட்டி மறைந்தால் எந்தக் கருவியும் கூவாது. நிரலைப் பொறுத்தவரை பெட்டி அங்கேயே இருக்கிறது, தவறு ஏதும் நடக்கவில்லை. பயன்படுத்தியவர் நாலு முறை தட்டிப் பார்த்துவிட்டு மூடிவைக்கிறார். கணக்கில் அது ‘பாதியில் வெளியேறியவர்’ என்று ஓர் எண்ணாக ஏறும், அவ்வளவுதான். நொறுங்கும் பிழைக்கு எவ்வளவு வேகமாக வைத்தியம் நடக்கிறது என்று பாருங்கள். 2018 பிப்ரவரியில் தெலுங்கின் ஒரு கூட்டெழுத்து வந்து விழுந்தாலே ஐபோனில் செய்திச் செயலிகள் முடங்கின. சில நாட்களில், பிப்ரவரி 19-ஆம் தேதி, ஆப்பிள் திருத்தம் வெளியிட்டது. 2020-இல் ஓர் ஏரியின் அழகான படத்தை வால்பேப்பராக வைத்த ஆண்ட்ராய்டு 10 போன்கள் திரும்பத் திரும்ப அணைந்து எழுந்தன. படத்தின் நிறக் கணக்கு 255 என்ற எல்லையைக் கொஞ்சம் தாண்டியதுதான் காரணம். உலகம் முழுக்க அது செய்தி. ஒரு மலையாளக் கூட்டெழுத்தின் கீழ்ப்பாதி ஒவ்வொரு நாளும் வெட்டுப்பட்டுத் தெரிவது எங்கும் செய்தியாவதில்லை.

கீபோர்டு விவகாரத்தை எடுத்துக்கொள்வோம். திரையின் பாதியை விழுங்கும் ஒரு பொருள் அது. அது மேலே வரும்போது செயலி இரண்டில் ஒன்றைச் செய்ய வேண்டும்: தன் உயரத்தைச் சுருக்கிக்கொண்டு மீதி இடத்துக்குள் அடங்க வேண்டும், இல்லையென்றால் எழுதும் பெட்டி தெரியும்படி திரையை மேலே நகர்த்த வேண்டும். எதைச் செய்வது என்று சொல்லாமல் விட்டால் போன் தன் ஊகப்படி நடந்துகொள்ளும். தயாரிப்பவர் பெரும்பாலும் கணினியில் ஓடும் பொய்ப் போனில் சோதிக்கிறார். அங்கே அவர் தட்டுவது கணினியின் விசைகளை. திரைக் கீபோர்டு எழும்புவதே இல்லாமல் சோதனை முடிந்துவிடலாம். போதாக்குறைக்கு 2024-இல் வந்த ஆண்ட்ராய்டு 15, அந்தப் பதிப்பை இலக்காகக் கொண்ட செயலிகள் திரையின் விளிம்பிலிருந்து விளிம்பு வரை வரையப்படுவதை இயல்பாக்கியது. 2025 ஆகஸ்ட் 31-க்குப் பிறகு பிளே ஸ்டோரில் புதிதாக ஏற்றும் செயலிகளும் மேம்படுத்தல்களும் அந்த இலக்குக்கு மாற வேண்டும் என்று கூகுள் சொன்னது. இலக்கு எண்ணை மட்டும் மாற்றிவிட்டு அடிவிளிம்புக்கு இடைவெளி விடாத செயலிகளில், நேற்றுவரை ஒழுங்காக இருந்த பொத்தான் இன்று போனின் வழிசெலுத்தும் பட்டைக்கு அடியில் போய்விடும். நிரலில் யாரும் எதையும் கெடுக்கவில்லை. தரைதான் நகர்ந்தது.

படங்களின் கதை வேறு. அங்கே பிழை பெரும்பாலும் ஓர் எண் சார்ந்த அறியாமை. 12 மெகாபிக்சல் போட்டோ சேமிப்பில் 3 எம்.பி. இருக்கலாம், திரையில் காட்ட விரித்தால் 4000-க்கு 3000 என்ற கணக்கில் 1.2 கோடி புள்ளிகள், புள்ளிக்கு 4 பைட், ஆக 48 எம்.பி. நினைவகம். கட்டைவிரல் அளவில் காட்டவேண்டிய படத்துக்கும் முழுசாக விரித்தால் இதே செலவுதான். பத்துப் படம் உள்ள பட்டியலை மலிவான போனில் திறந்தால் என்ன ஆகும் என்பதைச் சொல்ல வேண்டியதில்லை. படுத்துக்கிடக்கும் போட்டோவுக்குக் காரணம் இன்னும் எளியது: போனை நிமிர்த்திப் பிடித்தாலும் கேமரா தன் உணரி இருக்கும் வாக்கிலேயே படத்தைப் பதிந்து, ‘காட்டும்போது திருப்பிக் காட்டு’ என்று கோப்பின் தலையில் ஒரு குறிப்பு எழுதிவைக்கிறது. அந்தக் குறிப்பைப் படிக்காத செயலி படுத்த மனிதரைக் காட்டும். ஐபோன் 2017 முதல் எச்.இ.ஐ.சி. என்ற வகையில் படங்களைச் சேமிக்கிறது. ஜேபிஜி மட்டும் ஏற்கும் படிவம் அதைக் காரணம் சொல்லாமல் திருப்பும். 2018-இல் வந்த ஆண்ட்ராய்டு 9, தன்னை இலக்காகக் கொண்ட செயலிகளில், பூட்டில்லாத பழைய http இணைய முகவரிகளிலிருந்து வரும் படங்களை இயல்பாகத் தடுத்தது; பழைய சர்வரில் கிடந்த படங்கள் அவற்றில் சாம்பல் கட்டங்களாயின. செயலி செய்யும் அடித்தளங்களில் ஒன்றான ரியாக்ட் நேட்டிவில் இணையத்திலிருந்து வரும் படத்துக்கு அகலமும் உயரமும் தராவிட்டால் அது பூஜ்ய அளவில் வரையப்படும். படம் வந்திருக்கும், கண்ணுக்குத் தெரியாது.

இதையெல்லாம் டெவலப்பர்கள் அறிவார்கள். ஆனால் படிவத்தின் விதிகளை வகுப்பவர் அறிவாரா? திருவனந்தபுரத்தில் பட்டம் பகுதியில் இருக்கும் கேரளப் பணியாளர் தேர்வாணையம் விண்ணப்பதாரரின் போட்டோவை 150-க்கு 200 பிக்சல், 30 கேபி என்ற அளவுக்குள் கேட்டது. அடியில் பெயரும் எடுத்த தேதியும் அச்சாகியிருக்க வேண்டும். லட்சக்கணக்கான படங்களைச் சேமித்து வைப்பவர் அளவு குறிப்பதில் நியாயம் உண்டு. ஆனால் 3 எம்.பி. போட்டோவை 30 கேபி ஆக்கும் வேலையைக் கணினி ஒரு நொடியில் செய்யும். அதை மனிதர் தலையில் கட்டியதால் ஒரு தனித் தொழிலே பிறந்தது. கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் தேர்வு அறிவிப்பு வந்த வாரத்தில் கம்ப்யூட்டர் சென்டர்களின் வாசலில் நிற்கும் கூட்டத்தில் பாதி, படத்தைச் சுருக்க வந்த கூட்டம்.

எழுத்துக்கு வருவோம், சிக்கல் மிக ஆழமாக ஓடுவது இங்கேதான். பெயர்ப் பெட்டி ஒன்றில் ‘எழுத்துகள் மட்டும்’ என்ற விதி போடுகிறார் டெவலப்பர். ஆங்கிலம் மட்டும் என்று குறுக்காமல், யூனிகோடில் எந்த மொழியின் எழுத்தையும் ஏற்கும்படி பெருந்தன்மையாகவே எழுதுகிறார் என்று வைத்துக்கொள்வோம். அப்போதும் ‘பிரியா’ உள்ளே போக முடியாது. ப, ர, ய மூன்றும் யூனிகோடு கணக்கில் எழுத்துகள். அவற்றின் மேல் ஏறும் இகர, ஆகாரக் குறிகள் ‘குறிகள்’ என்ற வேறு வகையைச் சேர்ந்தவை. விதி எழுத்தை ஏற்று உயிரைத் தள்ளிவிடும். திரையில் சிவப்பில் வருவதோ ‘சரியான பெயரை உள்ளிடவும்’ என்ற அறிவுரை. ஊர்ப் பெயரையும் பாருங்கள். திருவனந்தபுரம் தமிழில் 9 எழுத்து, யூனிகோடில் 14 குறியீடு, பரவலான சேமிப்பு முறையில் 42 பைட். ஆங்கிலத்தில் அதே பெயர் 18 பைட். ஊர்ப் பெயருக்கு 30 பைட் தாராளம் என்று ஆங்கிலத்தை வைத்துக் கணக்கிட்ட தரவுத்தளத்தில் தலைநகரம் ‘திருவனந்தப’ என்று நின்றுபோகும். 25 பைட் என்று வைத்திருந்தால் ‘திருவனந்’ வரை வந்து, அடுத்த எழுத்து நடுவில் அறுபட்டு, கறுப்பு வைரத்துக்குள் ஒரு கேள்விக்குறி முளைக்கும். குறுஞ்செய்தியிலும் இதே பாரபட்சம் உண்டு: ஆங்கிலத்துக்கு 160 எழுத்து இடம் என்றால் தமிழுக்கும் மலையாளத்துக்கும் 70 குறியீடுதான்.

கண்ணுக்கு ஒன்றாகத் தெரிவது கணினிக்கு இரண்டாக இருப்பது இன்னொரு கண்ணி. தமிழில் ‘கொ’வை ககரத்தோடு ஒரே ஒகரக் குறியைச் சேர்த்தும் எழுதலாம், கொம்பையும் காலையும் தனித்தனியே போட்டும் எழுதலாம், திரையில் வேறுபாடு தெரியாது, தேடினால் ஒன்று கிடைத்து மற்றது தப்பும். மலையாளத்தில் இது பெரிய சண்டையாகவே நடந்தது. உயிர் ஏறாமல் நிற்கும் ன், ர், ல், ள், ண் ஆகியவற்றுக்கு அங்கே தனி வடிவம் உண்டு, சில்லு என்பார்கள். 2008-இல் யூனிகோடு 5.1 அவற்றுக்குத் தனி இடம் ஒதுக்கும்வரை, மெய்யோடு சந்திரக்கலையும் கண்ணுக்குத் தெரியாத ஓர் இணைப்புக் குறியும் சேர்த்துத்தான் அவற்றை எழுதினார்கள். சுதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் அமைப்பினர் உட்படப் பலர் இரு வழி வருவதன் ஆபத்தை எச்சரித்தார்கள். ஆபத்து வந்துவிட்டது: ஒரே சொல் பழைய ஆவணத்தில் ஒரு விதமாகவும் புதிய போனில் இன்னொரு விதமாகவும் இருக்கிறது. பாதுகாப்புக் கருதி ‘தெரியாத குறிகளை நீக்கு’ என்று ஒரு வரி எழுதும் டெவலப்பர், நல்லெண்ணத்தோடேயே பழைய சில்லுகளை உடைத்துவிடுவார். தமிழ்நாடு என்ற பெயரை மலையாளத்தில் எழுதும்போதுகூட ழகரத்துக்கும் நாவுக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத பிரிப்புக் குறி ஒன்று இடுவது வழக்கம். அண்டை மாநிலத்தின் பெயரையே ஒரு சுத்திகரிப்பு வரி மாற்றிவிட முடியும்.

இனி எதிர்வாதங்கள். முதலாவது, போன்தான் குற்றவாளி என்பது. இதில் உண்மை இருக்கிறது. மலையாளம், தெலுங்கு, கன்னடம் மூன்றுக்கும் ஆண்ட்ராய்டு ஆதரவு அறிவித்தது 2012-இல், 4.1 பதிப்பில்தான், அதற்கு முன் செயலி செய்தவர் என்ன பாடுபட்டும் பயன் குறைவு. சில நிறுவனங்களின் போன்களில் எழுத்துருவை மாற்றிக்கொள்ளும் வசதி தமிழைக் குலைப்பதும் உண்டு. ஆனால் இன்று வரும் புகார்களில் இந்த வகை சிறுபான்மை என்றே நினைக்கிறேன். கீபோர்டு, பைட் அளவு, பெயர் விதி, படத்தின் திசைக் குறிப்பு ஆகிய நான்கும் போனைப் பொறுத்தவை அல்ல, முழுக்கச் செயலியைப் பொறுத்தவை. ஃபிளட்டர் போன்ற நவீன அடித்தளங்கள் எல்லாவற்றையும் பார்த்துக்கொள்ளும் என்பது இதன் கிளைவாதம். ஃபிளட்டர் எழுத்தைத் தானே வரைகிறது, கூட்டெழுத்தைச் சேர்க்கும் பொறியையும் கூடவே சுமக்கிறது. அதனால் போனுக்குப் போன் வேறுபாடு குறையும். பெட்டியின் உயரத்தை 40 புள்ளி என்று ஒருவர் நிலையாக எழுதிவிட்டால், கீழ்நோக்கி அடுக்கும் மலையாளக் கூட்டெழுத்தின் அடி வெட்டுப்படுவதை எந்த அடித்தளமும் தடுக்காது.

இரண்டாவது, செலவு. சந்தையில் ஆயிரக்கணக்கான போன் மாதிரிகள் இருக்கின்றன, அத்தனையையும் வாங்கிச் சோதிக்க யாரால் முடியும் என்று கேட்கிறார்கள். கழக்கூட்டத்துக்கும் காரியவட்டத்துக்கும் இடையே 1990-இல் எழுந்த டெக்னோபார்க், இந்தியாவின் முதல் தொழில்நுட்பப் பூங்கா. அங்கிருக்கும் பெரிய நிறுவனங்களுக்கே இது சுமை, ஐந்து பேர் நடத்தும் புதுத் தொழிலுக்குக் கேட்கவே வேண்டாம். வாதம் நியாயமாக ஒலிக்கிறது, ஆனால் கேள்வியைத் தவறான இடத்தில் வைக்கிறது. மேலே சொன்ன கோளாறுகளைக் கண்டுபிடிக்க ஆயிரம் போன் வேண்டாம், ஒரு மலிவான போனின் அமைப்புகளை மாற்றினால் போதும். எழுத்தின் அளவை அதன் உச்சத்துக்குக் கொண்டுபோக வேண்டும். ஆண்ட்ராய்டு 14-இல் அது 200 விழுக்காடு. கீபோர்டைத் திறந்துவைத்தபடி ஒவ்வொரு திரையையும் கடக்க வேண்டும். பெயர், முகவரி எல்லாவற்றையும் மலையாளத்திலும் தமிழிலும் நிரப்ப வேண்டும். போனை நிமிர்த்தி அங்கேயே ஒரு போட்டோ எடுத்து ஏற்ற வேண்டும். நெட்டை அணைத்துவிட்டுப் படங்கள் இருக்கும் பக்கத்தைத் திறக்க வேண்டும். ஒரு பிற்பகல் வேலை. எழுத்து அளவுச் சோதனையைக் கேரளத்தில் விட்டுவிடுவது குறிப்பாக மன்னிக்க முடியாதது: 2011 கணக்கெடுப்பில் நாடு முழுவதும் 60 வயது கடந்தவர்கள் 8.6 விழுக்காடு, கேரளத்தில் 12.6. பெரிய எழுத்து வைத்திருப்பவர் அங்கே அரிதான வாடிக்கையாளர் அல்ல.

மூன்றாவது வாதத்தைப் பலர் வெளிப்படையாகச் சொல்வதில்லை, மனத்துக்குள் வைத்திருப்பார்கள்: மக்கள் சமாளித்துக்கொள்வார்கள். ஆங்கிலத்தில் நிரப்புவார்கள், முடியாதவர்கள் 2002-இல் மலப்புறத்தில் தொடங்கி மாநிலமெங்கும் பரவிய அட்சயா என்ற பொதுச்சேவை மையத்துக்குப் போவார்கள். சமாளிக்கிறார்கள் என்பது உண்மைதான். அதன் விலை என்ன என்று யார் கணக்குப் பார்த்தது? மையத்தில் உட்கார்ந்திருப்பவரிடம் போனை நீட்டுகிறவர் ஆதார் எண்ணை நீட்டுகிறார், அப்போது வரும் ஓ.டி.பி.யை உரக்கப் படிக்கிறார், வங்கிக் கணக்கைக் காட்டுகிறார். மறைந்துபோன ஒரு பொத்தானுக்காக அந்தரங்கத்தை அடகு வைக்கிறார். கேரளம் 2023 ஜூனில் கே-ஃபோன் இணைய வலையைத் தொடங்கியது. பிறப்புப் பதிவு முதல் கட்டட அனுமதி வரை தரும் கே-ஸ்மார்ட் சேவை 2024 ஜனவரி 1 முதல் நகராட்சிகளில் நடப்புக்கு வந்தது. அலுவலகத்துக்கு வர வேண்டாம் என்பதே இவற்றின் வாக்குறுதி. அலுவலகத்துக்குப் பதில் மையத்தில் வரிசை நின்றால் அந்த வாக்குறுதி பாதிதான் நிறைவேறுகிறது.

ஆங்கிலத்தில் நிரப்பட்டுமே என்பதற்குச் சட்டமும் இடம் கொடுக்கவில்லை. 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம் அங்குள்ள தமிழ், கன்னடச் சிறுபான்மையினர் தலைமைச் செயலகத்துக்கும் துறைத் தலைமைகளுக்கும் தங்கள் மொழியிலேயே எழுத உரிமை தருகிறது. சிறுபான்மைப் பகுதிகளில் உள்ளூர் அரசு அலுவலகங்களுக்கும் அப்படியே, பதிலும் அந்த மொழியில் வர வேண்டும். காகிதத்தில் தமிழில் எழுதிக் கொடுத்த மனுவை எந்த எழுத்தரும் ‘எழுத்துகள் செல்லாது’ என்று திருப்ப முடியாது. அதே மனு செயலிக்கு மாறும்போது, யாரோ ஒரு டெவலப்பர் எழுதிய ஒரு வரி விதி அந்த உரிமையைச் சத்தமில்லாமல் எடுத்துவிட முடியும். அவர் சட்டத்தை மீற நினைத்திருக்கமாட்டார், அப்படி ஒரு சட்டம் இருப்பதே அவருக்குத் தெரிந்திருக்காது. 2025 ஏப்ரல் 30-ஆம் தேதி உச்ச நீதிமன்றத்தில் நீதிபதிகள் பர்திவாலாவும் மகாதேவனும் அளித்த தீர்ப்பு இன்னும் ஒரு படி மேலே போனது. வழக்கு இதுதான்: அடையாளச் சரிபார்ப்புத் திரை ‘கண்ணை இமையுங்கள்’ என்று கேட்டது. அமில வீச்சில் முகம் சிதைந்தவர்களால் இமைக்க இயலவில்லை, பார்வையற்றவர்களால் திரையின் வட்டத்துக்குள் முகத்தை நிறுத்த இயலவில்லை. எண்ணியச் சேவைகளை அணுகுவது அரசமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்றது நீதிமன்றம். ஒரு திரை என்ன கேட்கிறது, எப்படிக் கேட்கிறது என்பது அடிப்படை உரிமைக் கேள்வி என்று ஆன பிறகு, ‘காஸ்மெடிக்’ என்ற முத்திரை நிற்காது.

ஆகவே கோளாறு தீர்க்கும் பட்டியலை எழுதும் முறையே மாற வேண்டும். இப்போது புழங்கும் பட்டியல்கள் நிரலிலிருந்து தொடங்குகின்றன: படம் வரவில்லையா, முகவரியைப் பார், பெட்டி மறைகிறதா, அமைப்பை மாற்று. பழுது பார்ப்பவருக்கு அது உதவும், பழுது நடந்ததையே அறியாதவருக்கு உதவாது. கருவி கூவாத இடத்தில் கண்தான் பார்க்க வேண்டும். யாருடைய கண் என்பதே கேள்வி. அரசுச் செயலி ஒன்றை வாங்கும்போது அரசாங்கம் பாதுகாப்புத் தணிக்கைச் சான்று கேட்கிறது. இந்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் அங்கீகரித்த தணிக்கையாளர் கையெழுத்திடாமல் அரசு சர்வரில் ஏற்றுவது கடினம். திரைக்கும் அப்படி ஒரு கையெழுத்தை ஒப்பந்தத்தில் எழுதலாம், கடைசித் தவணைப் பணத்தை அதோடு கட்டிவைக்கலாம். கையெழுத்திடுபவர் டெக்னோபார்க்கின் சோதனைக் குழுவிலிருந்து வர வேண்டிய அவசியம் இல்லை. எந்தப் படிவத்தின் எந்தத் திரையில் மக்கள் மாட்டிக்கொள்கிறார்கள் என்பதை அட்சயா மையம் நடத்துபவர்களைவிட நன்றாக அறிந்தவர்கள் மாநிலத்தில் இல்லை. செயலி வெளிவருவதற்கு முந்தின வாரம் அவர்களில் பத்துப் பேரை அழைத்து, பெரிய எழுத்தும் மலையாளக் கீபோர்டும் வைத்த பழைய போன்களைக் கொடுத்து, ஒரு விண்ணப்பத்தை முதலிலிருந்து கடைசிவரை நிரப்பச் சொல்லலாம். செங்கோட்டையிலிருந்தோ நாகர்கோவிலிலிருந்தோ வந்து குடியேறிய ஒருவரிடம் அதையே தமிழில் நிரப்பத் தரலாம். அவர்களுக்கான ஒரு நாள் படிக்காசு, எந்தச் செயலி ஒப்பந்தத்திலும் அச்சுச் செலவு என்ற தலைப்புக்குள் அடங்கிவிடும்.